ஐம்பது ரூபாய் ஜீவகாருண்யம்

நாயை முடமாகும்வரை அடிக்கலாம். மே மாத வெயிலில் மொட்டை மாடியில் ஒரு முழச் சங்கிலியில் கட்டிப்போடலாம். எழுந்து நிற்க முடியாத கூண்டில் அடைக்கலாம். சோறு தண்ணீர் வைக்காமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு குலதெய்வம் கும்பிடப் போகலாம். எல்லாமே குற்றம்தான். 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டிருக்கிறது. முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையக் கூடாது. 50 ரூபாயைத் தாண்டவும் கூடாது.

மூன்று ஆண்டுக்குள் மறுபடியும் செய்தால் சட்டம் கொதித்தெழும். 25 முதல் 100 ரூபாய் வரை பிடுங்கிவிடும். மூன்று மாதம் வரை சிறைக்கும் அனுப்பலாம், அனுப்ப யாருக்காவது மனசு வந்தால்.

தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் வண்டி ஓட்டினால் அபராதம் 1,000 ரூபாய். தன் மண்டையைப் பற்றிக் கவலைப்படாதவனுக்கு ஆயிரம். வாயில்லா ஜீவனின் மண்டையைப் பிளந்தவனுக்கு ஐம்பது. இதற்குப் பெயர் கருணையுள்ள நாடு.

சட்டம் வந்தபோது ஐம்பது ரூபாய் பெரிய பணம். கலாக்ஷேத்திரா ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து, போராடி, அரசாங்கத்தை அசைத்து வாங்கிய சட்டம் அது. அதற்குப் பிறகு நாட்டில் ஐந்து சம்பளக் கமிஷன்களின் பரிந்துரைகள் அமலாகிவிட்டன. எம்.பி.க்களின் சம்பளம் ஏறியது, படி ஏறியது, ஓய்வூதியம் ஏறியது. அபராதத்துக்கு மட்டும் அகவிலைப்படி கிடையாது. 2022இல் ஒரு திருத்த வரைவை வெளியிட்டார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். சொன்னார்கள். வரைவு வரைவாகவே இருக்கிறது.

இன்னொரு சட்டத்தின் கதையையும் கேளுங்கள். 1860இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டத்தின்படி ஒரு விலங்கைக் கொன்றவனை 428ஆவது பிரிவில் தண்டிக்க வேண்டுமானால், செத்த விலங்கு 10 ரூபாயாவது பெறுமானமுள்ளதாக இருக்க வேண்டும். அந்த விலைச்சீட்டைக் கிழித்தெறிய 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வர வேண்டியிருந்தது. 164 ஆண்டுகள். அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுகூடச் சிலருக்குத் தோன்றியிருக்கலாம்.

ருக்மிணி தேவி தலைமையில் 1962இல் தொடங்கிய விலங்குகள் நல வாரியம் பல பத்தாண்டுகள் சென்னையில்தான் இயங்கியது. 2018இல் தலைமையகத்தை ஹரியானாவின் பல்லப்கருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோப்புகள் போயின. நாற்காலிகள் போயின. நாய்கள் இங்கேயே தங்கிவிட்டன.

சரி, நம்மூருக்கு வருவோம். சென்னையில் நாய் வளர்க்க மாநகராட்சி உரிமம் வாங்க வேண்டும். கட்டணம் ஆண்டுக்கு 50 ரூபாய். ஐம்பது என்ற எண்ணின்மீது நம் நிர்வாகத்துக்கு ஏதோ பூர்வஜென்ம பந்தம் இருக்கிறது. இந்த உரிமத்தை வாங்க வேண்டும் என்பது நாய் வளர்த்தவர்களில் பலருக்கே தெரியாது. தெரிந்தவர்கள் வாங்கவில்லை. வாங்காதவர்களை யாரும் கேட்கவில்லை.

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறின. பூங்காக் காவலாளியின் மகள். பூங்கா மாநகராட்சியுடையது. நாய்களுக்கு உரிமம் தர வேண்டியதும் மாநகராட்சி. உரிமம் இல்லை என்று கண்டுபிடித்து மறுநாள் அறிவித்ததும் அதே மாநகராட்சி. துப்பறியும் திறமைக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

அதன் பிறகு அதிகாரம் விழித்தது. வெளியே கூட்டிப்போனால் சங்கிலி, வாய்மூடி கட்டாயம் என்றார்கள். உரிமத்துக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. ஒரு குழந்தையின் தலையில் தையல் போட்டால்தான் நம்மூரில் ஒரு விதிக்கு உயிர் வரும். ஓரிரு வாரத்தில் செய்தி ஆறியது, விதியும் ஆறியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் ஒரு பிட்புல் கடித்து ஒரு மனிதர் செத்தார். மறுபடி விழித்தார்கள். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று நவம்பரில் கெடு வைத்தார்கள். கெடுவைத் தள்ளினார்கள். மறுபடி தள்ளினார்கள். டிசம்பரில், பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிப் புதிய உரிமமே கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள்.

கவனியுங்கள். உரிமம் இல்லாமல் வளர்த்ததுதான் பிரச்சினை. தீர்வு, உரிமம் கொடுக்காமல் இருப்பது.

இந்தத் துணிச்சலை அவர்கள் டெல்லியிடமிருந்து கற்றிருக்க வேண்டும். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. 23 வகை நாய்களின் இறக்குமதி, விற்பனை, இனப்பெருக்கம் எல்லாவற்றுக்கும் தடை. அக்பாஷ், டோர்ன்ஜாக், சர்ப்ளானினாக், கங்கல் என்று போகிறது பட்டியல். திருவொற்றியூர் மண்டலத்துச் சுகாதார ஆய்வாளர் எதிரே வருவது சர்ப்ளானினாக்கா சாதா நாயா என்று எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதைக் கடிதம் சொல்லவில்லை. யாரைக் கேட்டு இந்தப் பட்டியலைப் போட்டீர்கள் என்று கேட்டு, அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கடிதம் எழுதியவருக்கு ஒரு சிரமமும் இல்லை. கடிதம் எழுதியாயிற்று. கடமை முடிந்தது.

தமிழ்நாடு அரசும் 2024இல் ஒரு நாய் இனப்பெருக்கக் கொள்கை கொண்டுவந்தது. சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் உள்ளிட்ட 11 இனங்கள் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துவராது, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. உண்மையிலேயே நல்ல யோசனை. பனியில் வண்டி இழுக்கப் பிறந்த ஹஸ்கி தாம்பரத்தில் 600 சதுர அடி ஃபிளாட்டில் ஏ.சி.க்குக் கீழே நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடக்கிறது. மின்சாரம் போனால் அதன் நிலைமை என்ன என்று யோசிக்க மருத்துவப் படிப்பு வேண்டியதில்லை. அதை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். கொள்கை அங்கே சிக்கிக்கொண்டது. ஹஸ்கி இங்கே சிக்கிக்கொண்டது.

பக் கதை இன்னும் கேவலம். 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னால் குடுகுடுவென்று ஓடியது. நாடே உருகியது. உருகிய நாடு பக் வாங்கக் கிளம்பியது. சப்பை மூக்கு அழகு என்று நினைத்தோம். அந்த மூக்கால் சரியாக மூச்சு விட முடியாது என்பது வாங்கிய பிறகு தெரிந்தது. நாய்க்கு உடல்சூடு தணிவதே மூச்சிரைப்பில்தான். அந்த வழியையே அடைத்து ஒரு பிராணியை உண்டாக்கி, அதைச் சென்னைக் கத்திரி வெயிலுக்குக் கொண்டுவந்தோம். ஹட்ச் வோடஃபோன் ஆனது. வோடஃபோன் ஐடியாவோடு சேர்ந்து வி ஆனது. பக் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறது.

நாட்டுநாய் வாங்கினால் தேசபக்தி என்பார்கள். ராஜபாளையத்துக்கு 2005இல் தபால்தலை வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிப் புகழ்ந்தார். புகழ் ஏறியது, விலையும் ஏறியது. வாங்குபவருக்குப் பால்வெள்ளைக் குட்டி வேண்டும், ரோஸ் மூக்கு வேண்டும். விற்பவர் அண்ணனையும் தங்கையையும் சேர்த்தாவது அந்த வெள்ளையைக் கொண்டுவருவார். அந்த வெள்ளை நிறத்தோடு காது கேளாமையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. பிரதமர் தன்னைப் புகழ்ந்ததைக் கேட்கக் கொடுத்துவைக்காத ராஜபாளையங்கள் நிறைய உண்டு.

சட்டம் இல்லாமல் இல்லை. சட்டம் இல்லை என்று மட்டும் இந்த நாட்டில் யாரும் சொல்லிவிட முடியாது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளைப் படித்தால் கண்ணில் நீர் வரும். பெண்நாய்க்கு 18 மாதம் ஆகாமல் இணை சேர்க்கக் கூடாது. வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பிரீடர் ஒவ்வொருவரும் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்து, சான்றிதழை எல்லோரும் பார்க்கும்படி மாட்ட வேண்டும். நீங்கள் குட்டி வாங்கிய இடத்தில் சுவரில் என்ன மாட்டியிருந்தது? காலண்டர். பல இடங்களில் சுவரே கிடையாது. நேற்றுக் கண் திறந்த குட்டியின் படம் வாட்ஸ்அப்பில் வரும். முன்பணம் ஜிபேயில் போகும். கோயம்பேட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கும் அட்டைப்பெட்டியில் ஓட்டை இருந்தால் அது குட்டி, இல்லாவிட்டால் மாம்பழம். தாய்நாயை யாரும் பார்த்ததில்லை. பார்த்தால் வாங்க மனசு வராது என்று விற்பவருக்குத் தெரியும்.

இந்தத் தொழிலை மூட ஒரு ராட்வீலரைக்கூடத் தடை செய்ய வேண்டியதில்லை. குட்டி கைமாறும் அன்றே விற்றவர் பெயரிலும் வாங்கியவர் பெயரிலும் மைக்ரோசிப் பதிவு இருந்தால் போதும். அந்தச் சிப் நாயின் தோலுக்கடியில் போகிறது. உறுத்துவது இரண்டு மனிதர்களுக்கு. அதனால்தான் அது எப்போதும் கடைசியாக வருகிறது. நாயைத் தடை செய்வது சுலபம். நாய்க்கு ஓட்டு இல்லை, வக்கீல் இல்லை, கவுன்சிலரின் மச்சான் இல்லை.

இனி தெருநாய். கணக்கு மட்டும் பார்ப்போம், உணர்ச்சி வேண்டாம்.

2024இல் நாட்டில் நாய்க்கடி 37 லட்சம். ரேபிஸால் இறந்ததாகச் சந்தேகிக்கப்படுபவர்கள் 54 பேர். மத்திய அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு. அதே ஆண்டில் தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறை காட்டிய ரேபிஸ் மரணம் மட்டும் 43. அப்படியென்றால் காஷ்மீரிலிருந்து கேரளா வரை மீதி நாட்டுக்கெல்லாம் சேர்த்து 11 பேர். ரேபிஸ் தமிழனைத் தேடித் தேடிக் கடிக்கிறது போலிருக்கிறது. மத்திய அரசின் ஐ.சி.எம்.ஆர். நடத்திய ஆய்வோ ஆண்டுக்குச் சுமார் 5,700 பேர் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 18,000 முதல் 20,000 வரை என்கிறது. ஒன்று 54, ஒன்று 5,700, ஒன்று 20,000. அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றவே முடியாத நோய் இது. தண்ணீரைப் பார்த்தால் தொண்டை இறுகிச் சாகும் சாவு. அப்படிச் செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் நமக்குப் பல ஆயிரம் பிணங்கள் கூடக் குறைய இருக்கிறது. 2030க்குள் இந்த நோயை ஒழிப்போம் என்று 2021இல் தேசியத் திட்டமும் போட்டாயிற்று. 54 என்று எழுதினால் முக்கால்வாசி ஒழித்த மாதிரிதான்.

சென்னை 1996 வரை தெருநாய்களைப் பிடித்துக் கொன்றது. மின்சாரம் பாய்ச்சிக் கொன்றது. பத்தாண்டு பத்தாண்டாகக் கொன்றும் நாய் குறையவில்லை. புளூ கிராஸ் சின்னி கிருஷ்ணா போன்றவர்கள் கருத்தடைதான் வழி என்று 1964லிருந்து தொண்டை கிழியக் கத்தி, கடைசியில் மாநகராட்சி காதில் வாங்கியது. கருத்தடையில் முன்னோடி நகரம் என்று பெயரும் வாங்கினோம். 2018 கணக்கெடுப்பில் சென்னையில் தெருநாய்கள் சுமார் 57,000. 2024இல் சுமார் 1,80,000. முன்னோடி நகரத்தில் ஆறு ஆண்டில் மும்மடங்கு.

ஏன்? கருத்தடையானவை 27 சதவீதம்தான். 70 சதவீதத்தை, அதுவும் ஒரே மூச்சில், தொட்டால்தான் பெருக்கம் நிற்கும். அதாவது இன்னும் ஏறக்குறைய 78,000 நாய்கள். ஆண்டுக்கு 20,000 என்று தாராளமாகவே வைத்தாலும் நான்கு ஆண்டு. அந்த நான்கு ஆண்டும் மிச்சமுள்ள நாய்கள் மாநகராட்சித் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டுப் பிரம்மச்சரியம் காக்க வேண்டும். 2025இல் எல்லாத் தெருநாய்களுக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போடக் கிளம்பினார்கள். அது உருப்படியான வேலை, பாராட்டலாம். ஆனால் ஊசியின் பலன் நிற்க ஆண்டுதோறும் கிளம்ப வேண்டும். அடுத்த ஆண்டுக்குள் கமிஷனர் மாறிவிடுவார்.

தெருநாய்க்குச் சோறு போடும் பெண்மணிகளை அடிக்கப் பாய்கிறார்கள் குடியிருப்புச் சங்கத்தார். நாய்ப் பிரியர்கள் பதிலுக்கு வீடியோ எடுக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் ஒரு செய்தி: இந்த நகரம் ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை போடுகிறது. கறிக்கடைக் கழிவு, பிரியாணி எலும்பு, கல்யாண மண்டப இலை. தெருநாய்களுக்கு அன்னதானம் செய்யும் மிகப் பெரிய புரவலர் மாநகராட்சியே. சங்கச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை கோழிக்கால்களைப் பாலிதீன் பையில் கட்டித் தெருமுனையில் வீசிவிட்டு, திங்கட்கிழமை நாய்த்தொல்லை பற்றி மனு எழுதுகிறார். நாய்ப் பிரியர் தெருநாய் உரிமைக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய், முப்பதாயிரம் கொடுத்து வாங்கிய கோல்டன் ரெட்ரீவரைக் கொஞ்சுகிறார். ஒரு தெருக்குட்டியை எடுத்து வளர்த்தால் என்ன குறைந்துவிடும்? அதற்கு லைக் விழாது.

நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பினோம். 2025 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம், டெல்லித் தெருநாய்கள் அத்தனையையும் பிடித்துக் காப்பகத்தில் அடையுங்கள், திரும்ப விடாதீர்கள் என்றது. ஆகஸ்ட் 22 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, கருத்தடை செய்து பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்றது. டெல்லி நாய்களுக்கு அந்த 11 நாள் ஒரு பயங்கரக் கனவு. மாநிலங்கள் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். மேற்கு வங்கமும் தெலங்கானாவும் தவிர வேறு மாநிலம் எதுவும் சொல்லவில்லை. தலைமைச் செயலாளர்களை நேரில் வரச் சொன்ன பிறகுதான் கோப்புக்குக் கால் முளைத்தது. நவம்பர் 7 அன்று இன்னோர் உத்தரவு: பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையங்களிலிருந்து நாய்களை அகற்றுங்கள், அங்கே திரும்ப விடாதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பொறுப்பதிகாரியை நியமித்து வாசலில் பெயர் எழுதி வையுங்கள். தமிழ்நாட்டு ஆசிரியர்கள் வாக்காளர் பட்டியல் திருத்தப் படிவத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்த அதே நவம்பர். மக்கள்தொகை எண்ணினார்கள், வாக்காளரைச் சரிபார்த்தார்கள், இனி நாயையும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். நேரம் மிஞ்சினால் பாடம்.

இவ்வளவு அமளியில் யாரும் உட்கார்ந்து பார்க்காத ஒரு சின்ன விலைப்பட்டியல் இருக்கிறது. ஒழுங்காக நாய் வளர்க்கச் சென்னையில் என்ன செலவு? தடுப்பூசி போட வேண்டும், சான்றிதழ் வாங்க வேண்டும், புகைப்படமும் முகவரிச் சான்றும் இணையத்தில் ஏற்ற வேண்டும், ஏறும்வரை முயல வேண்டும், சிப் வைக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் 50 ரூபாய், அலைச்சல் தனி. உரிமம் இல்லாமல் வைத்திருந்து மாட்டினால் 5,000 ரூபாய். நாயைக் கொண்டுபோய்க் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறக்கிவிட்டுத் திரும்பினால், கைவிடுவதும் அதே 11ஆவது பிரிவில் குற்றம் என்பதால், பிடிபட்டால் 10 முதல் 50 ரூபாய். பிடிபட மாட்டார். பிடிக்க ஆள் கிடையாது. சிப் இன்னும் வைக்கவில்லை என்றால் நாயும் காட்டிக்கொடுக்காது.

பத்து வயது லாப்ரடார். இடுப்பு விழுந்துவிட்டது. மாத்திரைச் செலவு வேறு. கெடு நெருங்குகிறது. கணக்குத் தெரிந்த ஒரு குடும்பத் தலைவர் என்ன செய்வார்? இரவு பத்து மணிக்குக் கார் சாவியை எடுப்பார். பிள்ளைகளிடம் பண்ணை வீட்டில் விட்டிருக்கிறோம் என்பார். மறுநாள் கதவைத் தட்டும் ஆய்வாளரிடம் நாயே இல்லை என்று சத்தியம் செய்வார். அது பொய்யும் இல்லை. உரிமப் பிரிவின் பதிவேட்டில் ஒரு குற்றம் குறையும். பொதுச் சுகாதாரப் பிரிவின் கணக்கில் ஒரு நாய் கூடும். நேற்றுவரை 5,000 ரூபாய்க் குற்றமாக இருந்த அந்த லாப்ரடார் இன்று எந்த விதியையும் மீறவில்லை. தெருநாய்க்கு உரிமம் தேவையில்லை.